பலாஷ்டாங்காவின் குளிர்ப்பெட்டி

சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ்ச்சனம் கண்ணை மூடினால், கெமைண்டே என்ற ஊராட்சி அலுவலகத்துக்குச் சொல்வதற்கு முதல் மகேஸ்வரனுக்குத்தான் சொல்வார்கள். பெயருக்கு அவர் ஒரு ஹோட்டலில் இரண்டாவது சமையல்காரர். ஆனால் பெட்டி எங்கே எடுப்பது, ஐயரை எப்படிப் பிடிப்பது, மரண அறிவித்தலில் எந்த மருமகனின் பெயர் எந்த வரிசையில் வந்தால் சண்டை வராது, கனடாவில் இருக்கிறவர்கள் நேரலையில் பார்ப்பதற்குக் கமராவை எந்தப் பக்கம் வைப்பது, எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதுகுக்குப் பின்னால் 'செத்தவீட்டு மகேஸ்' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். கோபமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

பெருமைக்குக் காரணமும் இருந்தது. அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் நின்றார்கள். செத்தவீட்டு வேலை செய்கிற மலர்ச்சாலைக்காரர் வந்து உடம்புக்கு மருந்தேற்றி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். கடைசியாக அவுஸ்திரேலியாத் தங்கச்சி வந்து இறங்கும்வரை பிரேதம் நடுவீட்டில் இருந்தது. எல்லாரும் முகம் பார்த்தார்கள், எல்லாரும் வாய்க்கரிசி போட்டார்கள், பிறகுதான் எடுத்தார்கள். ஊரில் இப்போது வீட்டுக்கு வீடு அதுதான் வழக்கம். பிள்ளைகள் வெளிநாடு என்றால் பிரேதம் காத்திருக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று மகேஸ்வரன் நினைத்திருந்ததைப் பெரிய குற்றமென்று சொல்ல முடியாது.

நிதாய் மண்டலுக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது ஒரு ஜூன் மாதக் காலையில். கோடைச் சீசனுக்கு ஹோட்டல் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இந்தியாவிலிருந்து ஒரு பெரிய சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. அவர்களுக்குச் சமைப்பதற்கென்றே ஹோட்டல்காரர் வைத்திருந்த ஆள் நிதாய். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, உரத்துக் கதைக்கத் தெரியாதவன். சொந்த இடம் மேற்கு வங்காளத்தில் பலாஷ்டாங்கா என்ற சின்ன ஊர். கல்கத்தாவில் இறங்கி அங்கிருந்து இன்னும் அரை நாள் போகவேண்டும். அம்மாவும் தம்பி கௌரும் அங்கே இருந்தார்கள். நாலு வருடமாக அவன் ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு சீசன் முடிவிலும் போகத்தான் வெளிக்கிடுவான், ஏதாவது ஒன்று வந்து மறித்துவிடும்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவன் போனைக் காதில் வைத்தபடியே அரிசி மூட்டையில் இருந்துவிட்டான். மகேஸ்வரன் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போனார். கண்ணில் வழிவது வெங்காயத்தால் வந்ததா வேறா என்று முதலில் பிடிபடவில்லை.

"அம்மா போய்விட்டாள், மகேஷ்தா," என்றான் நிதாய்.

வங்காளிகள் அண்ணனைத் 'தாதா' என்பார்கள். பெயரோடு சேர்த்தால் வெறும் 'தா'. வந்த புதிதில் அவன் 'தாதா' என்று கூப்பிட்டபோது சமையலறையில் நின்ற தமிழ்ப் பெடியள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனுக்கும் மகேஸ்வரனுக்கும் பொதுவான பாஷை ஹோட்டல்களில் பொறுக்கிய டொச், அதாவது ஜேர்மன். அதைத் தமிழில் எழுதும்போதுதான் இவ்வளவு ஒழுங்காக வருகிறது.

"எப்ப?"

"விடியற்காலையில். நெஞ்சுவலி என்றாளாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது."

"எப்ப எடுக்கினம்?"

"இன்றைக்கே. பொழுது படுவதற்குள் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவார்கள். எங்களிடம் வைத்திருக்கிற வழக்கம் இல்லை. கௌர் வீடியோவில் காட்டுகிறேன் என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்."

அழுதுகொண்டுதான் சொன்னான். ஆனாலும் மனதை ஒருவழியாகத் தேற்றிக்கொண்ட குரல் அது. அந்த நேரத்தில் அவன் தோளில் கையை வைத்துவிட்டு மகேஸ்வரன் பேசாமல் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. பேசாமல் நிற்பதற்கா அவருக்கு அந்தப் பட்டம் கொடுத்தார்கள்?

"வீடியோவோ? பெத்த தாயின்ரை முகத்தைப் போனிலையோ பாக்கப் போறாய்? நீதானே மூத்தவன்? கொள்ளி வைக்கவேண்டிய ஆள் நீயல்லோ?"

"ஆனால் தாதா, எங்கள் ஊரில்..."

"ஊரை விடு. அங்கை ஆஸ்பத்திரி இருக்கோ?"

"இருக்கிறது."

"நகரசபை இருக்கோ?"

"இருக்கிறது."

"பிறகென்னடா? குளிர்ப்பெட்டி இல்லாத நகரசபை எங்கையாவது இருக்கோ? தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லு, அண்ணை வருமட்டும் அம்மாவை வைச்சிருக்கச் சொல்லி."

நிதாய் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவன் முகத்தில் அதுவரை இல்லாத ஆசை ஒன்று வந்து இருந்தது.

"முடியுமா தாதா? நான் போய் அவளைப் பார்க்க முடியுமா?"

"ஏன் முடியாது?"

போனைப் பறித்துக் கௌரிடம் ஆங்கிலத்தில் தானே கதைத்தார். அண்ணன் நாளைக்கு வந்துவிடுவான், அவசரப்பட்டு எடுக்கவேண்டாம், நகரசபையில் குளிர்ப்பெட்டி கேளும், தராவிட்டால் ஆஸ்பத்திரியில் வையும். மறுபக்கத்தில் கௌர், நகரசபையிடம் பெட்டி வைத்த வண்டி ஒன்று இருக்கிறதுதான், ஆனால்... என்று இழுத்தான். ஆனாலையும் கீனாலையும் விட்டுவிட்டு உடனே போய்க் கேளும் என்றார் மகேஸ்வரன். இந்த நாட்டில் இருந்து முப்பது வருடமாக அவர் கற்றுக்கொண்டது அதுதான். தெளிவாக, மரியாதையாக, விடாமல் கேட்டால் எந்த அலுவலகமும் செய்துதரும். போன குளிர்காலம் பஸ் தரிப்பிடத்தில் ஒரு மான் செத்துக் கிடந்தது. கெமைண்டேக்கு ஒரு போன்தான் போட்டார். அவர் ஏறவேண்டிய பஸ் வருவதற்கு முதல் ஆட்கள் வந்து மானை அள்ளிக்கொண்டு, இடத்தையும் கழுவிவிட்டுப் போனார்கள்.

ஹோட்டல் மனேஜர் அம்மா நல்ல மனுசி. மறுபேச்சில்லாமல் லீவு கொடுத்தார். இந்தியக் கூட்டத்துக்கு நான் சமைக்கிறேன் என்று மகேஸ்வரன் பொறுப்பேற்றார். மத்தியானச் சிவப்பு ரயிலில் நிதாயை ஏற்றிவிடப் போனபோது மகேஸ்வரனின் மனைவி புனிதவதியும் வந்தாள். அவளுக்கு அதே ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. தோய்த்து மடித்த ஒரு வெள்ளைச் சால்வையை அவன் கையில் கொடுத்தாள்.

ஜன்னலுக்குள் இருந்துகொண்டு நிதாய் மகேஸ்வரனின் கையைப் பிடித்தான். "நான் விமானத்தில் இருக்கும்போது என் போன் வேலை செய்யாது. கௌர் உங்களைக் கூப்பிடுவான். நீங்கள் சொல்கிறபடி செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒன்றே ஒன்று தாதா, நான் வருமுன் எடுக்க விடாதீர்கள்."

"நான் விடுவனோ? நீ பயப்படாமல் போ."

ரயில் போன பிறகு பலாஷ்டாங்கா நகரசபையின் இணையப்பக்கத்தைத் தேடிப் பிடித்தார். அழகான பக்கம். குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி, மின்சாரத் தகனமேடை, குளிர்ப்பெட்டியோடு சவ வண்டி, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு படம். சவ வண்டிக்கு முன்னால் மாலை போட்ட ஆட்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம் என்று கீழே ஒரு இலக்கம்.

"பாத்தியே? எங்கடை கெமைண்டேயிட்டையும் இப்பிடி ஒண்டு இல்லை," என்று புனிதவதிக்குக் காட்டினார்.

புனிதவதி படத்தைச் சரியாகப் பார்க்கவுமில்லை. "அவையின்ரை முறை அவைக்குத் தெரியும். நீங்கள் ஏன் இடையிலை போய் விழுந்தனீங்கள்?"

"நீ சும்மா இரு. பெடியன்ரை முகத்தைப் பாத்தனியே? எவ்வளவு ஆறுதலாப் போறான்."

"அதுதான் பயமாக் கிடக்கு," என்றாள் அவள்.

பின்னேரம் கௌர் கூப்பிட்டான். அங்கே அப்போது இருட்டிவிட்டிருந்தது. நகரசபைச் சவ வண்டி கட்டடத்துக்குப் பின்னால்தான் நிற்கிறதாம். ஆனால் குளிரூட்டுகிற மெசினைக் கழற்றி மாவட்டத் தலைநகரத்துக்குத் திருத்த அனுப்பிவிட்டார்களாம். எப்போது அனுப்பியது என்று காவலாளிக்கும் தெரியவில்லையாம். ஆஸ்பத்திரியில் பிணம் வைக்க இரண்டு அறைதான், இரண்டிலும் லொறி மோதிச் செத்தவர்கள், பொலிஸ் வந்து பார்க்கும்வரை எடுக்க முடியாது. அது போக, வீட்டில் இறந்தவர்களை அங்கே ஏற்கவும் மாட்டார்களாம்.

"அப்ப என்ன செய்தனீர்?"

"மீன் சந்தையிலிருந்து ஐஸ் கொண்டுவந்தோம், தாதா. நண்பர்கள் மூன்று சக்கர வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். அதன்மேல்தான் கிடத்தியிருக்கிறோம்." கௌர் இன்னும் சின்னக் குரலில் சொன்னான். "வீடு முழுக்க மீன் மணக்கிறது. அப்பா போன நாளிலிருந்து அம்மா மீனைக் கையாலும் தொட்டதில்லை."

மகேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. வங்காளத்தில் கைம்பெண்கள் மீனை விட்டுவிடுவார்கள் என்று நிதாய் எப்போதோ கறி சமைத்துக்கொண்டிருந்தபோது சொன்னது நினைவு வந்தது. ஆனாலும் விடவில்லை. ஒரு இரவுதானே, ஐஸ் குறையக் குறையப் போட்டுக்கொண்டிரும், காலையில் நகரசபையோடு நான் கதைக்கிறேன் என்றார்.

காலையில் முதலில் வந்தது நிதாயின் அழைப்பு. வளைகுடாவில் விமானம் மாறுகிற இடத்திலிருந்து கூப்பிட்டான். அடுத்த விமானம் பிந்துகிறதாம், ஏன் என்று யாரும் சொல்கிறார்கள் இல்லையாம். கௌரின் போன் கிடைக்கவில்லை, வீட்டில் எப்படி என்று கேட்டான்.

"எல்லாம் ஒழுங்காக் கிடக்கு," என்றார் மகேஸ்வரன்.

"பெட்டி கிடைத்ததா?"

"ஏற்பாடு நடக்குது. நீ வா."

"நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு இது தோன்றியே இருக்காது, தாதா. செத்தாலும் மறக்கமாட்டேன்."

அவன் வைத்து முடிய, கௌர் யாரோ ஒருவருடைய போனிலிருந்து கூப்பிட்டான். இரவு பெரிய புயற்காற்றாம். ஊருக்கு மின்சாரம் கொடுக்கிற பெரிய டிரான்ஸ்போமர் எரிந்துபோய்விட்டது. ஐஸ் ஆலை நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாயும் மின்சாரத்தில் ஓடுவதால் தண்ணீரும் இல்லை. சந்தையில் கிடந்த ஐஸை மீன்காரர்கள் தங்கள் மீனுக்கு எடுத்துக்கொண்டார்கள். மழை விட்டு இப்போது வெயில் எரிக்கிறது. நேற்றுக் கொண்டுவந்த ஐஸ் தண்ணீராகி முற்றத்தில் ஓடுகிறது. இதையெல்லாம் கௌர் முறையிடுகிற மாதிரிச் சொல்லவில்லை. விசாரிக்கிற பெரியவருக்கு ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னான்.

மகேஸ்வரன் ஏப்ரனோடு சமையலறைக்குப் பின்னால், சாமான் லொறி வந்து நிற்கிற முற்றத்துக்குப் போனார். பலாஷ்டாங்கா நகரசபைக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டேயிருந்தது. மறுபடி போட்டார். ஒருவன் எடுத்து ஏதோ சொல்லிவிட்டு வைத்தான். மூன்றாம் முறை ஒரு வயதான குரல் எடுத்தது. மகேஸ்வரன் தன்னுடைய ஆங்கிலத்தில், தெளிவாக, மரியாதையாக, சொல் சொல்லாக விளங்கப்படுத்தினார். அந்த மனிதரும் அவசரப்படாமல் கேட்டுவிட்டு, வங்காளத்தில் நீளமாக, மிகவும் இரக்கமான குரலில் பதில் சொன்னார். 'தாதா' என்ற ஒரு சொல்லைத் தவிர இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இரக்கம் மட்டும் நன்றாக விளங்கியது. தன்னிடம் தருவதற்கு எதுவும் இல்லாத ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் விளங்கியது. அந்த ஆளைக் கோபிக்கவும் முடியவில்லை. யாராவது சண்டைக்கு வந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு எடுத்தார். அம்மாவுக்குச் செய்த மலர்ச்சாலைக்காரர் உருத்திரமூர்த்தி எந்நேரமும் போன் எடுக்கிறவர்.

"ஓம், மகேஸ் அண்ணை, சொல்லுங்கோ. ஆர் மோசம் போனது?"

"எங்கடை ஆக்கள் இல்லை. இந்தியாவிலை, ஒரு சிநேகிதன்ரை தாய். நேற்று விடிய முடிஞ்சது. மகன் இண்டைக்கு ராத்திரிதான் போய்ச் சேருவான்."

"மருந்தேத்தி எம்பாம் செய்தாச்சோ?"

"இல்லை."

"பெட்டி?"

"இல்லை. ஐஸிலை கிடத்தினவை. இப்ப ஐஸும் இல்லை, கரண்டும் இல்லை."

"அண்ணை, என்ன கதைக்கிறியள்? இந்த வெக்கைக்கோ? உடனை எடுக்கச் சொல்லுங்கோ. மகன் வந்து பாக்கிற மாதிரி இனி இராது. பாவம், பிரேதத்தை அந்தரிக்க விடாதேங்கோ." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "ஆர் அண்ணை அவைக்கு வைச்சிருக்கச் சொன்னது? அங்கத்தை ஆக்கள் ஒருநாளும் வைக்கமாட்டினமே."

மகேஸ்வரன் பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு கோழியை ஊறப்போட வேண்டியிருந்தது. எடுத்துவர ஹோட்டலின் குளிர் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. ஒரு குடும்பம் குடியிருக்கிற அளவு பெரிய அறை. தட்டுத்தட்டாக இறைச்சியும் பாலும் வெண்ணெயும் எலுமிச்சம்பழமும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மின்விசிறி இதமாக உறுமிக்கொண்டிருந்தது. ஒரு கட்டு மல்லித்தழை வாடாமல் இருப்பதற்கு இவ்வளவு குளிர். மகேஸ்வரன் கோழித் தட்டைப் பிடித்தபடி நின்று அழுதார். அவருக்கு அந்த அம்மாவின் முகம்கூடத் தெரியாது.

புனிதவதி துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் மறுபடி பின்முற்றத்தில் நின்றார். அவர் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. "அந்தப் பெடியனுக்கு உண்மையைச் சொல்லிப் போடுங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

"எப்பிடிச் சொல்லுறது? பிளேன் ஏறீற்றான் போலை. போன் அடைச்சுக் கிடக்கு."

கௌர் மறுபடி கூப்பிடும்வரை இருவரும் அந்தச் சீமெந்துப் படியில் இருந்தார்கள். எதிரே மலையில் பனி மினுங்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை கௌரின் குரலோடு பின்னால் வேறு குரல்களும் கேட்டன. "வார்டு உறுப்பினர் வாசலில் நிற்கிறார், தாதா. நல்ல மனிதர், மூக்கைக்கூடப் பொத்தவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது. இனியும் வைக்க முடியாது என்கிறார்கள். அம்மா..." அவனால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "அண்ணன் போன் போகவில்லை. அண்ணன் சொல்லாமல் நான் எப்படி எடுப்பேன்? பெரியவன் அவன்தானே? வைக்கச் சொன்னது நீங்கள். இப்போது என்ன செய்ய என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்."

சொன்னால் நிதாய்க்குக் கொடுத்த வாக்குப் போயிற்று. சொல்லாவிட்டால் ஒரு தாயின் உடம்பு ஒரு ஊருக்கு முன்னால் இன்னும் கேவலப்படும். யாரிடமாவது இதைக் கைமாற்றிவிடலாமா என்று மகேஸ்வரன் ஒரு கணம் பார்த்தார். புனிதவதி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

"எடுங்கோ," என்றார். சத்தத்தைக் கூட்டி மறுபடி சொன்னார். "எடுங்கோ தம்பி. நீரே கொள்ளி வையும். அண்ணைக்கு நான் சொல்லுறன்."

கோழி வெந்து முடிகிற நேரம் மறுபடி போன் வந்தது, இந்த முறை வீடியோ. மின்சாரத் தகனமேடைக்கு மின்சாரம் இல்லாததால் ஆற்றங்கரையில் விறகு அடுக்கியிருந்தார்கள். இரவு மழையில் விறகு ஊறிப்போய், யாரோ பழைய வண்டி ரயரை வெட்டி இடையில் செருகிக்கொண்டிருந்தார்கள். கௌர் வெள்ளைத் துணியோடு நின்றான். நிதாயை அச்சாக உரித்து வைத்த முகம், இன்னும் இளமையாக.

"அண்ணன் சார்பில் ஒருவராவது பார்க்கவேண்டும், தாதா," என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பினான்.

மகேஸ்வரன் பார்த்தார். பார்க்காமல் கண்ணை மூடியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. ஆனால் அவர் பார்த்தார். அவர் கைபட நடந்த செத்தவீடுகளில் கிடந்தவர்களெல்லாம் மருந்தேற்றி, பவுடர் பூசி, தலைவாரிக் கிடந்தவர்கள். ஊரில் சண்டைக்காலத்துக்குப் பிறகு இப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. கண் எது, வாய் எது என்று தேடவேண்டியிருந்தது. ஒரு கிழவி அதன்மேல் அவசரமாகத் துணியை இழுத்துவிட்டாள். கௌர் சுற்றி வந்து நெருப்பு வைத்தான். புகைதான் வந்தது, கனநேரம் புகை மட்டும்தான் வந்தது. பிறகு போனில் சார்ஜ் தீர்ந்து படம் நின்றது.

அன்று மத்தியானம் இந்தியக் கூட்டம் கறியைப் புகழ்ந்து ஆள் அனுப்பியது. மகேஸ்வரன் தலையை ஆட்டினார். அவருக்கு உப்புப் போட்டதா இல்லையா என்பதே நினைவில் இல்லை.

பின்னேரம் பாத்திரங்கள் கழுவுகிற நேரத்தில் நிதாய் கூப்பிட்டான். பின்னால் வாகனங்களின் ஹோர்ன் சத்தம். கல்கத்தாவில் இறங்கிவிட்டான், கார் பிடித்து ஊருக்குப் போகிற வழியில் நிற்கிறான். களைப்புத்தான், ஆனாலும் குரலில் ஒரு துடிப்பு இருந்தது.

"கௌரின் போன் இன்னும் அடைத்திருக்கிறது. வழியில் அம்மாவுக்கு வெள்ளைச் சேலை ஒன்று வாங்கினேன், தாதா. வெண்தாமரையும் கிடைத்தது. வாடிவிடும் என்று மடியில் வைத்திருக்கிறேன். சாரதி வேகமாகத்தான் ஓட்டுகிறான். இன்னும் கொஞ்ச நேரம் அவளை வைத்திருக்கச் சொல்லுங்கள்."

மகேஸ்வரன் சமையலறையை விட்டு வெளியே வந்தார். ஆயிரம் பேருக்குச் சாவுச் செய்தி சொன்ன வாய். எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடவிடுவது என்று எல்லாம் தெரிந்த வாய்.

"நிதாய்," என்றார், "அம்மாவை எடுத்தாச்சுது."

ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது.

"கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை. வைக்கேலாமல் போச்சுது. தம்பியிலை பிழையில்லை. எடுக்கச் சொன்னது நான்தான்."

ஏசமாட்டானா என்று மகேஸ்வரன் காத்திருந்தார். ஏசினால் வாங்கிக்கொள்ளலாம். அது வராததால் இவரே அவசரமாகத் தொடர்ந்தார்.

"நீ மனதை விடாதை. நாளைக்குக் காலமை காடாத்து இருக்கல்லோ? நீ போய் உன்ரை கையாலை சாம்பல் அள்ளு. ஆத்திலை நீ கரை. மூத்த மகன் செய்யிற பெரிய வேலை அதுதான்."

"எங்களிடம் அது அன்றைக்கே முடிந்துவிடும், தாதா," என்றான் நிதாய் மெல்ல. "எரிந்து முடிந்ததும் மிஞ்சியதை ஆற்றில் விட்டு, சிதையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். நாளைக்கு அங்கே ஒன்றும் இருக்காது."

தூரத்தில் சாரதி ஏதோ கேட்டான்; அதைக் கவனிக்காமல் நிதாய் போனில் கேட்டான்.

"நீங்கள் பார்த்தீர்களா?"

"ஓம். தம்பி வீடியோவிலை காட்டினவன்."

"முகம் எப்படி இருந்தது, தாதா?"

பின்முற்றத்தில் காய்கறிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மகேஸ்வரன் ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டார். இந்த ஒன்றையாவது அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று மனது துடித்தது. கொடுப்பதற்கு அவரிடம் மிஞ்சியிருந்ததும் இது ஒன்றுதான்.

"நல்ல அமைதியா இருந்தவ," என்றார். "நித்திரை கொள்ளுற மாதிரி. ஒரு மாற்றமும் இல்லை."

"ஒரு மாற்றமும் இல்லையா?"

"இல்லையடா. சத்தியமா."

பிறகு நிதாய் கேட்டான்.

"அப்படியென்றால் நான் வரும்வரை வைத்திருந்திருக்கலாமே, தாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டான். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வார் என்று காத்திருந்தான்.